ஆற்றங்கரைப் பிள்ளைகள் ஏன் தூங்கினார்கள்

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே எங்கள் தலைமை ஆசிரியரை மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்களுடையது கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் அந்த வருஷம் மாவட்டத்தின் கடைசிப் பள்ளிகளில் ஒன்றாகக் கிடந்தோம். கூட்டத்தில் கடைசிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்களாம். ஓய்வுபெற இரண்டு வருஷமே இருந்த மனுஷன். திரும்பி வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆளுக்குப் பத்துப் புள்ளைங்கள தத்து எடுத்துக்கணுமாம்" என்றார். "யாரு ஃபெயிலாவாங்கன்னு தோணுதோ அவுங்கள. அந்தப் பத்துப் பேரும் பாஸ் பண்ணலன்னா உங்களத்தான் கேப்பாங்க. அப்புறம் என்னைக் கேப்பாங்க."

நான் அறிவியல் ஆசிரியை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தாம் வகுப்பு பி பிரிவிலிருந்து பத்துப் பெண்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படிவம். அதில் 'பின்தங்கியதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். எழுத வேண்டிய காரணங்களையும் அலுவலகமே கீழே அச்சிட்டுக் கொடுத்திருந்தது. ஒழுங்கற்ற வருகை, ஆர்வமின்மை, வீட்டுச் சூழல் என்று ஐந்து காரணங்கள். ஒன்றுக்கு நேராக டிக் போட வேண்டும்.

பத்துப் பேருக்கும் 'ஆர்வமின்மை' என்றுதான் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

எங்கள் பள்ளியில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்கள். சாலைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் ஓரளவு படித்தார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய இரண்டு குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள் படிக்கவில்லை. அந்தக் குடியிருப்புகளுக்கும் சாலைக்கும் நடுவில் கெமிக்கல் கம்பெனிகள் இருந்தன. "அந்தப் பக்கத்துப் புள்ளைங்க அப்படித்தான், மண்டையில ஏறாது" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். என்னுடைய பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்தப் பக்கம்.

அந்த எட்டில் ஒருத்தி முதல் பீரியடிலேயே தூங்குவாள். மெலிந்த பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, சுத்தமாகத் துவைத்த தாவணி. அக்கறையாக வளர்க்கிற வீடு என்று பார்த்தாலே தெரியும். ஒருநாள் அவள் கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் அடித்தேன். மறுநாளும் தூங்கினாள். சுவரோரமாக நிற்கச் சொன்னேன். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், நின்றபடியே கண் செருகி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் இதற்குச் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

"ராத்திரி என்னாடி பண்ண? டிவி பார்த்தியா?"

"இல்ல டீச்சர். ராத்திரி வந்துச்சு."

"யாரு வந்தா?"

அவள் மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். "வாடை டீச்சர்" என்றாள்.

வாடை எனக்குப் புதிதல்ல. பஸ் அந்தக் கம்பெனிகளைத் தாண்டும்போது எல்லோரும் முந்தானையையோ கைக்குட்டையையோ மூக்கில் வைப்பார்கள். இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிடும். அந்த வாடைக்குள் வீடு கட்டிக் குடியிருப்பதைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கே தேடிப் போகலாம் என்று ஆகஸ்டில் ஒரு யோசனை தோன்றியது. ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றின் பால்வாடிக் கட்டடத்தில் காலை ஆறரை மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்தேன். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவேன். சாலைப் பக்கத்து இரண்டு பேரையும் சேர்த்துப் பத்துப் பேரும் வந்தார்கள். தூங்குகிற பெண் எல்லோருக்கும் முன்னால் வந்து தரையைக் கூட்டி வைத்திருப்பாள். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது.

பிள்ளைகள் வாடைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். முட்டை, பூண்டு, பொணம், பழம். காலையில் நான் நுழைந்ததும் இன்றைக்கு எது என்று ஒருத்தி சொல்வாள். மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள். முட்டையும் பொணமும் குமட்டும், அவ்வளவுதான் என்றார்கள். பழத்துக்குத்தான் பயந்தார்கள். அது நல்ல வாசனை. அழுகப் போகிற அன்னாசிப்பழம் மாதிரி இனிப்பாக இருக்கும். எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

ஒரு புதன்கிழமை அந்த இனிப்பு வாசனைக்குள் நின்று கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். திசைவேகக் கணக்கு. ஏழையும் எட்டையும் பெருக்கி ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். எழுதிவிட்டு நின்றேன். ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. அடுத்த வரியை எழுதப் போனால் கேள்வி என்னவென்றே மறந்துவிட்டது. நெற்றிப் பொட்டுகளில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. நாக்கில் இனிப்பு. திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் ஐம்பத்து நான்கை நோட்டில் எழுதியிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை.

தூங்குகிற பெண்தான் எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள்.

"உக்காருங்க டீச்சர். இன்னைக்குப் பழம் ஜாஸ்தி. ஒரு மணி நேரத்துல சரியாயிடும்."

"உங்களுக்கும் இப்படி ஆவுமா?"

"எங்களுக்குப் பழகிடுச்சு" என்றாள். தினமும் காலையில் இப்படி ஒரு தலையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்த பெண்ணைத்தான் நான் ஸ்கேலால் அடித்திருந்தேன்.

அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். இனிப்பு வாசனை வந்த நாளுக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் அன்றைய சின்னத் தேர்வில் யார் எப்படி எழுதினார்கள் என்று ஒரு குறிப்பு. இரண்டு மாதம் வைத்தேன். புள்ளி விழுந்த நாளிலெல்லாம் மதிப்பெண் சரிந்திருந்தது. அக்டோபரில் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மாவட்ட அலுவலகத்தில் அடுத்த ஆய்வுக் கூட்டம் நடந்தபோது தலைமை ஆசிரியருடன் நானும் போனேன். எங்கள் முறை வந்ததும் எழுந்து வாடையைப் பற்றிச் சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கத்தவில்லை. பொறுமையாகவே கேட்டார்.

"நீங்க சயன்ஸ் டீச்சர்தானம்மா?"

"ஆமா சார்."

"ஏதாவது கருவி வெச்சு அளந்தீங்களா?"

"இல்ல சார். புள்ளைங்க சொல்றாங்க. எனக்கே தலை சுத்துது."

"படிவத்துல அஞ்சு காரணம் குடுத்திருக்கோம். அதுல எதுன்னு மட்டும் சொல்லுங்க."

அறையே என்னைப் பார்த்தது. தலைமை ஆசிரியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுச் சூழல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார். "ஏம்மா, பத்தாம் வகுப்புல பெஞ்சு யாரு குடுத்தது? தண்ணி டேங்க் யாரு கட்டுனது? வெள்ளையடிச்சது யாரு? டேங்க்ல கம்பெனி பேரு எழுதியிருக்குல்ல? நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லல. நான் அந்தப் பள்ளிக்கூடத்துல பத்து வருஷமா உக்காந்திருக்கேன். எனக்கும் மூக்கு இருக்கு." இறங்கப் போகும்போது, "பாஸ் பண்ணிக் காட்டுங்க. அதுக்கு என்னா வேணுமோ கேளுங்க, செய்யறேன்" என்றார்.

அவர் கொடுத்த அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன். மார்கழியில் கல்யாணம் நடக்காது. சிதம்பரத்தில் என் கணவரின் மாமா ஒரு சின்னக் கல்யாண மண்டபம் வைத்திருந்தார், அந்த மாதம் பூராவும் காலியாகத்தான் கிடக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்துப் பெண்களையும் அங்கே கூட்டிப்போய் பொங்கல் வரைக்கும் தங்கவைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். தலைமை ஆசிரியர் இரண்டு நாள் யோசித்தார். "ரெஜிஸ்டர நான் பாத்துக்கறேன். கூட ஒரு லேடி டீச்சரக் கூட்டிக்கினு போங்க. வீட்டுல கையெழுத்து வாங்கிடுங்க" என்றார்.

ஒன்பது வீடுகளில் சுலபமாகக் கையெழுத்துக் கிடைத்தது. தூங்குகிற பெண்ணின் அம்மாதான் பேனாவை வாங்காமல் நின்றாள். கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவள். அவள் கணவன் கம்பெனியில் ஒப்பந்தக் கூலி, தொட்டி கழுவுகிற வேலை. திண்டாட்டமான வீடு. உள்ளே சின்னப் பெண் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், மாலை நாலரை மணிக்குச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல வாடைய பத்திப் பேசினீங்களாமே டீச்சர்" என்றாள் அம்மா.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"சூப்பர்வைசரு இவரக் கூப்பிட்டு, உன் பொண்ணுக்கு யாரு டீச்சர்னு கேட்டாராம். வேற ஒண்ணும் கேக்கல. அது மட்டும்தான் கேட்டாராம்." சொல்லும்போதே குரலைத் தாழ்த்தி வாசலைப் பார்த்தாள். "எம்பொண்ண அனுப்பறேன். நல்லா படிக்க வைங்க. ஆனா நீங்க இனிமே அதப் பத்தி யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. இவரு வேல போச்சுன்னா நாங்க நாலு பேரும் போயிடுவோம்."

அவள் நீட்டிய கையில் என் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள்.

சிதம்பரம் போன முதல் மூன்று நாளும் பிள்ளைகள் தூங்கினார்கள். சாப்பிட எழுந்தார்கள், மறுபடி தூங்கினார்கள். கூட வந்த தமிழாசிரியை பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடலாமா என்றாள். ஆருத்ரா தரிசனத்துக்கு ஊர் நிரம்பிக்கொண்டிருந்தது. தெருவில் மேளம், ஆட்டோ ஹாரன், சாமி பார்க்க வந்த கூட்டத்தின் இரைச்சல். எதற்கும் அவர்கள் கண் திறக்கவில்லை. பத்துப் பேரும் ஜமக்காளத்தில் வரிசையாகக் கிடந்ததைப் பார்க்க எனக்குச் சுனாமி நாள் ஞாபகம் வந்து வெளியே போய் நின்றேன்.

நான்காம் நாள் காலை நான் எழுந்தபோது தூங்குகிற பெண் மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி?"

"ஒண்ணுமே வரல டீச்சர்" என்றாள். "நாலு நாளா ஒண்ணுமே வரல. ஒருமாதிரி பயமா இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை நான் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் அவள் கணக்குகளை மனதிலேயே போட ஆரம்பித்தாள். மற்றவர்களும் தேறினார்கள். எழுதியதைத் திருப்பிப் பார்த்துத் தாங்களே தப்பைக் கண்டுபிடித்தார்கள். கேள்வி கேட்டார்கள். சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். சாலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் நடுவில் நான் பல வருஷமாகப் பார்த்துவந்த அந்தத் தூரம் என் கண் எதிரிலேயே குறைந்தது. காற்றுதான் காரணமா? மூன்று வேளை சோறும் இருந்தது. தண்ணீர் தூக்கவில்லை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவில்லை. அதிகாரி கேட்ட கருவி என்னிடம் அப்போதும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்திருந்தேன்.

பொங்கலுக்கு முந்தைய நாள் திரும்பினோம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து பிள்ளைகள் பாட்டும் கும்மாளமுமாக வந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் பாட்டு நின்றது. நான் எதையும் உணர்வதற்கு முன்பே அவர்கள் உணர்ந்துவிட்டார்கள். ஒருத்தி தாவணியை மூக்குக்குக் கொண்டுபோனாள், பிறகு அடுத்தவள், பிறகு அதற்கடுத்தவள். தூங்குகிற பெண் மட்டும் மூக்கை மூடவில்லை. புத்தகத்தை மடியில் விரித்து உதடு அசைய வேகவேகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே போய்ச் சேருவதற்குள் முடிந்தவரை உள்ளே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி.

மே மாதம் முடிவு வந்தது. பத்தில் எட்டுப் பேர் தேர்ச்சி. தூங்குகிற பெண் பி பிரிவில் முதல் மதிப்பெண். பள்ளியில் விழா எடுத்தார்கள். கம்பெனி அதிகாரி ஒருவர் வந்து அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். எனக்குச் சால்வை. புகைப்படத்துக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் நின்றார். நல்ல மனிதராகவே பேசினார். அவர் சட்டையிலிருந்து லேசாக அந்த இனிப்பு வாசனை வந்தது, அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் சொல்லிக் கொடுத்த முறையை எழுதிக் கொடுக்க வேண்டும், எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று. நான்கு பக்கம் எழுதினேன். அதிகாலை வகுப்பு, தனிக் கவனம், தினசரிச் சின்னத் தேர்வு, சத்தான உணவு. அவ்வளவுதான். இடம் மாற்றியதைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

அந்த நான்கு பக்கம் செய்த கெடுதலை நான் எதிர்பார்க்கவில்லை. மறுவருஷம் அந்தப் பகுதிப் பள்ளி ஆசிரியர்கள் அதைப் பார்த்து அதே வாடைக்குள் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் தேறவில்லை. "அந்த டீச்சரால முடிஞ்சது உங்களால ஏன் முடியல?" என்று கூட்டத்தில் அவர்களை நிற்கவைத்துக் கேட்டார்கள். வெளியூரில் தங்கவைக்க எனக்கு இரண்டாவது தடவை அனுமதி கிடைக்கவில்லை. என்னுடைய புதிய பத்தில் மூன்று பேர்தான் தேறினார்கள். போன வருஷம் உழைத்த மாதிரி இந்த வருஷம் உழைக்கவில்லை என்று என் கோப்பில் எழுதினார்கள்.

தூங்குகிற பெண் பிளஸ் ஒன் சேர்ந்து மூன்றாவது மாதம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சிதம்பரத்துல ஹாஸ்டல்ல எடம் கெடைக்குமா டீச்சர்? அங்க இருந்தாதான் எனக்கு மண்டை வேல செய்யுது. வீட்டுல இருந்தா படிச்சதெல்லாம் காலையில போயிடுது."

அலைந்து திரிந்து இடம் வாங்கிக் கொடுத்தேன். போனவள் அதன்பிறகு அந்தக் குடியிருப்பில் முழுசாக ஒரு வாரம் தங்கியதில்லை. நர்சிங் படித்தாள். அவள் தப்பித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். 2009-இல் நானும் மாறுதல் கேட்டுச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். என் கணவருக்கு அலைச்சல் குறையும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன்.

அவள் அம்மா என்னைத் தேடி வந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. தலை நரைத்துப்போய், ஆளே பாதியாகியிருந்தாள். கணவனுக்கு மூச்சிரைப்பு வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரன் வேறு ஆளை வைத்துக்கொண்டானாம். கம்பெனியை விரிவாக்கப் போகிறார்கள், கடலூரில் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றாள்.

"சத்தியத்த எடுத்துடுங்க டீச்சர்" என்றாள். "சின்னவ பத்தாவது வந்துட்டா. உக்காந்த எடத்துல தூங்குறா. வந்து சொல்லுங்க."

போனேன். பென்சில் புள்ளி வைத்த பதிவேட்டைத் தேடிப் பழைய பள்ளிக்குப் போனால், பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வெறுங்கையோடுதான் கடலூரில் கருத்துக் கேட்பு நடந்த மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். ஐந்து வருஷத்துக்கு முன் பார்த்ததைச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை, எது எதனால் வந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது என்பதையும் சொன்னேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இது கல்வித்துறையோட கருத்தா, உங்க கருத்தா?" என்று கேட்டார்.

"என் கருத்து" என்றேன்.

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "பயந்துட்டேன்" என்றேன். யாரோ கை தட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பத்து நாளில் துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டுவிட்டார்கள். விரிவாக்கத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. சின்னவள் அந்த வருஷத் தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்றாள். அக்காவே வந்து அவளைத் தன்னோடு கூட்டிப்போனாள். அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் இப்போது அவர்கள் கூரைக்குப் பின்னால் புதிய புகைபோக்கி தெரிகிறது. அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் பஸ்ஸில் ஜன்னலோர இடம் வேண்டாம் என்று உள்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.